அளவுகோலும் அறமும்: நுண்மதிச் சோதனையின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

உளமதிப்பீட்டிலே தொழில்முறைத் தகைமை, அறவொழுக்கம் என்னும் இரண்டும் பெரும்பாலும் வெவ்வேறு விடயங்களாகவே பேசப்பட்டு வந்துள்ளன. முன்னையது பயிற்சியின்பாற்பட்டது, பின்னையது மனச்சாட்சியின்பாற்பட்டது என்று கொள்வது வழக்கம். நுண்மதிச் சோதனையின் வரலாற்றை நோக்குமிடத்து இப்பிரிப்புப் பொருந்தாமை புலனாகும்.

1904 இல் பிரெஞ்சுக் கல்வியமைச்சு நியமித்த ஆணைக்குழுவின் தேவையையொட்டி, அல்பிரட் பினேயும் தியடோர் சிமோனும் 1905 இல் தமது முதல் அளவுத்திட்டத்தை வெளியிட்டனர். கட்டாயக் கல்வி உழைக்கும் மக்களின் பிள்ளைகளையும் பள்ளிக்குக் கொணர்ந்துவிட்ட காலம் அது. பின்தங்கும் பிள்ளைகளை இனங்கண்டு உதவுவதே நோக்கமாயிருந்தது. சோதனை தரும் எண், பிறவியிலேயே நிலைபெற்றுவிட்ட ஆற்றலின் அளவன்று என்பதைப் பினே வற்புறுத்தினார்.

அட்லாண்டிக்கைக் கடந்ததும் கருவியின் பணி மாறிற்று. எலிஸ் தீவிலே கப்பலிலிருந்து இறங்கிய வறிய குடியேறிகளுள் மிகச் சிலரை மொழிபெயர்ப்பாளர் துணையோடு சோதித்த ஹென்றி கொடார்ட், யூதர், இத்தாலியர், ஹங்கேரியர், ருஷ்யர் ஆகியோருள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினர் மதிக்குறைவுடையோர் என 1917 இல் அறிக்கையிட்டார். முதலாம் உலகப் போரிலே சுமார் 17 லட்சம் படைவீரர் சோதிக்கப்பட்டனர். அத்தரவுகளைக் கொண்டு கார்ல் பிரிகாம் 1923 இல் இனங்களைத் தரவரிசைப்படுத்தினார். 1924 ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தை இச்சோதனைகளே தோற்றுவித்தன என்பது மிகையாகும். இனவெறுப்பும் உழைப்புச் சந்தையின் முரண்பாடுகளும் முன்னரே இருந்தன. சோதனைகள் அவற்றுக்கு விஞ்ஞானத்தின் மொழியை வழங்கின. பிரிகாம் 1930 இல் தமது முடிவுகளைக் கைவிட்டார். சட்டத்தின் நாட்டுவாரி ஒதுக்கீடோ 1965 வரை நீடித்தது.

இவர்கள் பயிற்சியற்றோரல்லர், கலாநிதிப் பட்டம் பெற்ற துறைவல்லுநர் என்பது மனங்கொள்ளத்தக்கது. 1953 இல் அமெரிக்க உளவியற் சங்கம் தனது முதலாவது அறவொழுக்கக் கோவையை வெளியிட்டது. தத்தம் தகைமையின் எல்லைக்குள்ளே பணிபுரிதல், சோதனைகள் பயிற்சியற்றோர் கையிற் சேராது காத்தல் என்பன அதிலே இடம்பெற்றன. கருவி யாரை அளவாகக் கொண்டு ஆக்கப்பட்டது என்ற வினாவைக் கூர்மைப்படுத்தியதோ பாதிக்கப்பட்ட மக்களின் போராட்டமே.

1968-69 இல் கலிபோர்னியப் பாடசாலை மாணவருள் கறுப்பினப் பிள்ளைகள் 9 சதவீதமளவினர். மதிக்குறைவுடையோர்க்கான வகுப்புகளிலே அவர்கள் 27 சதவீதமளவினர். 1971 இல் சான் பிரான்சிஸ்கோப் பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். அப்பிள்ளைகளைக் கறுப்பின உளவியலாளர், அவர்களது பேச்சு வழக்கையும் வாழ்நிலையையும் அறிந்து மீளச் சோதித்தபோது, புள்ளிகள் உயர்ந்தன. 1949 இன் வெக்ஸ்லர் சிறுவர் சோதனை வெள்ளையினப் பிள்ளைகளை மட்டும் கொண்டே நியமப்படுத்தப்பட்டிருந்தது. வழக்கிலே வெளிப்பட்ட மற்றொரு செய்தி இன்னும் முக்கியமானது. ஆண், பெண் பிள்ளைகளிடையே வேறுபாடு காட்டிய வினாக்களைச் சோதனையாளர் முன்பே நீக்கிச் சமன்செய்திருந்தனர். இனவேறுபாட்டைப் பொறுத்து அவ்வாறு செய்யவில்லை. எவ்வேறுபாட்டை இயற்கையென ஏற்பது, எதனைக் கருவியின் குறையெனத் திருத்துவது என்பதிலேதான் கருத்துநிலை தொழிற்படுகிறது. 1979 இல் நீதிபதி றொபேட் பெக்கம், கறுப்பினப் பிள்ளைகளை இவ்வகுப்புகளிற் சேர்ப்பதற்கு இச்சோதனைகளைப் பயன்படுத்துவதைத் தடுத்துத் தீர்ப்பளித்தார்.

தடை மட்டும் போதுமா? முற்போக்காளர் இவ்வினாவைத் தம்மிடமும் கேட்டல் வேண்டும். 1936 இல் சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியின் ஆணை, தொழிலாளர், விவசாயிகளின் பிள்ளைகளைச் சோதனைகள் சிறப்புப் பள்ளிகளுக்கு ஒதுக்குகின்றன என்று கண்டித்தது. கண்டனத்திலே நியாயமிருந்தது. ஆயினும் குழந்தையியல் என்னும் துறை முழுவதும் ஒழிக்கப்பட்டமையால், பிள்ளை தனித்துச் செய்வதை மட்டுமன்றிப் பிறர் உதவியோடு செய்யக்கூடியதையும் கணக்கிலெடுக்க வேண்டுமென்ற வைகோட்ஸ்கியின் சிந்தனையும் நெடுங்காலம் இருட்டடிப்புச் செய்யப்பட்டது. அநீதியான அளவுகோலுக்கு மாற்றாக அமையக்கூடிய அறிவே அதனோடு சேர்த்துப் புறந்தள்ளப்பட்டது.

எனவே, சோதனைத்தாளைப் பிழையின்றித் திருத்துவது தகைமையின் தொடக்கமேயாகும். கருவி யாரைக்கொண்டு ஆக்கப்பட்டது, எதிரே அமர்ந்திருப்பவரின் மொழியும் வாழ்நிலையும் யாவை, பெறப்படும் எண்ணினால் அவருக்கு எந்தக் கதவு திறக்கும், எது மூடும் என்பவற்றை அறியாதவர் அறத்தில் மட்டுமன்றித் தொழிலிலும் தகைமையற்றவரே.