களவும் காதலும் காவலும்: தமிழ்த் துப்பறியும் கதையின் வரலாறு

மைசூரு நகரின் வடமேற்கே அமைந்த ஹெப்பாளில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. பெங்களூரில் இதே பெயர் கொண்ட பகுதி வேறு. இது ஓர் ஏரியும், தொழிற்பேட்டையும், மென்பொருள் நிறுவனம் ஒன்றின் பெரும் பயிற்சி வளாகமும் அருகருகே அமைந்த ஹெப்பாள். மத்திய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளனாகப் பணியாற்றும் நான், பகலெல்லாம் பிறர் எழுதியவற்றைத் தமிழாக்கிவிட்டு வீடு திரும்பினால், அங்கும் ஒரு மொழிச் சிக்கல் காத்திருக்கிறது. கல்லூரியில் பயிலும் என் மகள் தமிழில் பேசுவாள், கன்னடத்தில் எழுதுவாள், படிப்பதெல்லாம் ஆங்கிலம். தமிழ் எழுத்துக்களை அவள் அறிவாள் எனினும், ஒரு பக்கத்தைப் படித்து முடிப்பதற்குள் சலிப்பு வந்துவிடும்.

சில மாதங்களுக்கு முன் அவள் ஓர் ஆங்கிலத் தொடரைப் படித்துக்கொண்டிருந்தாள். ஜே. டி. ராப் என்ற புனைபெயரில் அமெரிக்க எழுத்தாளர் நோரா ராபர்ட்ஸ் 1995 முதல் எழுதிவரும் வரிசை அது. கதை 2058-ஆம் ஆண்டின் நியூயார்க் நகரில் தொடங்குகிறது. ஈவ் டல்லாஸ் என்னும் பெண் போலீஸ் அதிகாரி கொலைகளைத் துலக்குகிறார். ரோர்க் என்னும் செல்வந்தரை விசாரணையினூடே சந்தித்துக் காதலித்து மணக்கிறார். குற்றமும் காதலும் வருங்காலமும் ஒன்றாய்ப் பின்னிய கதை.

“அப்பா, இதுபோல் தமிழில் உண்டா?” என்று கேட்டாள். “உண்டு” என்று உடனே சொன்னேன். “அதிலும் துப்பறிபவர் போலீஸ்தானா?” என்பது அடுத்த வினா. அதற்கு என்னால் உடனே விடை கூற இயலவில்லை. அவ்விடையைத் தேடியபோது, தமிழ்த் துப்பறியும் கதையின் நூற்றாண்டு கடந்த வரலாறு முழுவதும் அவ்வினாவிற்குள் அடங்கியிருப்பதைக் கண்டேன். அதனையே இப்பேச்சில் நேயர்கள் முன் வைக்க விழைகிறேன்.

‘களவு’ என்னும் சொல்லிலிருந்து தொடங்குவோம். திருட்டுக்கும் அதுவே பெயர். காதலர் பிறர் அறியாமல் கூடும் ஒழுக்கத்திற்கும் நம் பழைய இலக்கணம் இட்ட பெயர் அதுவே. இரண்டிற்கும் பொதுவானது மறைவு. மறைந்ததை வெளிக்கொணர்வதே துப்பறிவோர் தொழில். ஆகவே குற்றக் கதையில் காதல் நுழைவதை மேனாட்டு நாகரிகம் என்று ஒதுக்குவோர், தம் மொழியின் சொல்லையே மறந்தவராவர்.

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை இந்நோக்கில் மீண்டும் எண்ணிப் பாருங்கள். காணாமற்போன சிலம்பு, அரண்மனைப் பொற்கொல்லனின் பொய், தீர விசாரியாமல் ஆணையிட்ட அரசன், வெட்டுண்ட கோவலன். காவற்பொறுப்பு உடையோர் செய்யத் தவறிய விசாரணையை அவன் மனைவி செய்கிறாள். அவள் முன்வைப்பது கண்ணீரை மட்டுமன்று, சான்றுப்பொருளையும். அரசியின் சிலம்பில் முத்து. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உடைத்துக் காட்டியதும் வழக்கு முடிந்தது. சிலப்பதிகாரம் துப்பறியும் கதை என்று நான் சொல்ல வரவில்லை. உண்மையைத் தேட ஒருவரை உந்துவது அன்பு என்பதும், அதிகாரம் அவ்வுண்மையைத் தவறவிடக்கூடும் என்பதும் நம் இலக்கியத்திற்குப் பழைய செய்திகள் என்பதே கருத்து.

இனி, அண்மைக் காலத்திற்கு வருவோம். சென்னை மாகாணத்தில் வரி வசூலிலும் குற்ற விசாரணையிலும் நடந்த சித்திரவதைகளை ஆராய அமைந்த குழு, 1855-இல் தன் அறிக்கையை வெளியிட்டது. அதன் பின்னரே 1859-இல் சென்னை மாவட்டப் போலீஸ் சட்டமும், 1861-இல் இந்தியப் போலீஸ் சட்டமும் வந்தன. 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் தன் 25-ஆம் பிரிவில், போலீஸ் அதிகாரியிடம் அளித்த குற்ற ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்கலாகாது என்று விதித்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமும் 23-ஆம் பிரிவில் இவ்விதியைக் காத்து நிற்கிறது. சட்டமே போலீஸாரை முழுமையாக நம்பாத நாட்டில், கதை கேட்கும் மக்கள் எவ்வாறு நம்புவர்? இக்கேள்வியை நினைவில் இருத்திக்கொண்டு நம் எழுத்தாளர்களைப் பார்ப்போம்.

மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879-இல் வெளிவந்தது. ஷெர்லாக் ஹோம்ஸ் இங்கிலாந்தில் முதன்முதலாகத் தோன்றியது 1887-இல். அதற்கு ஏழே ஆண்டுகள் கழித்து, 1894-இல், பண்டித நடேச சாஸ்திரி தானவன் என்னும் போலீஸ் நிபுணன் கண்டுபிடித்த குற்றங்களைக் கதைகளாக எழுதி வெளியிட்டார். நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டி ஆங்கிலத்தில் தந்தவரும், தொல்பொருள் துறையில் அரசுப் பணி புரிந்தவரும் ஆகிய சாஸ்திரியார், புதிய போலீஸ் துறையையும் கதைக்குரிய பொருளாகக் கண்டார். எனவே தமிழின் முதல் துப்பறிவாளன் போலீஸ்காரனே. என் மகளின் வினாவிற்கு முதல் விடை இது.

ஆயினும் தானவன் வழியைப் பின்வந்தோர் பலர் பின்பற்றவில்லை. 1902-இல் நியமிக்கப்பட்ட போலீஸ் கமிஷன், ஆண்ட்ரூ ஃபிரேசர் தலைமையில் நாடெங்கும் விசாரித்து, துறையின் ஊழலையும் கொடுமையையும் கடிந்துரைத்தது. அக்கமிஷன் அறிக்கை தந்து ஐந்தாண்டு கழித்து, 1908-இல், ஜே. ஆர். ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’ வெளிவந்தது. காதலர் இருவர், அவர்களைப் பிரிக்கும் சூழ்ச்சி, காதலன் மீதே விழும் கொலைப் பழி. அப்பழியைத் துடைப்பவர் துப்பறியும் கோவிந்தன். காதல் இல்லையேல் அக்கதையில் பழியும் இல்லை, துலக்கமும் இல்லை. மேடையில் நாடகமாகவும், 1935-இலும் 1951-இலும் திரைப்படமாகவும் அது மக்களிடம் மீண்டும் மீண்டும் சென்றது.

ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கில நாவல்களைத் தமிழ்ச் சூழலுக்கேற்ப மாற்றி எழுதினார். வடுவூர் துரைசாமி ஐயங்காரோ துப்பறியும் பொறுப்பை ஒரு துறவியிடமே ஒப்படைத்தார். அவருடைய திகம்பர சாமியார் மாறுவேடங்களில் சென்று மறைவுகளை வெளிப்படுத்துவார். இது விந்தையாகத் தோன்றினாலும் அடிப்படையற்றது அன்று. ஒற்றர் துறவியர் கோலத்தில் சென்று ஆராய வேண்டும் என்பதைத் திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரமே கூறுகிறது. ஆங்கிலக் கதையின் எலும்பிற்கு வடுவூரார் அணிவித்த சதை, நம் ஊர்ச் சதை. 1950-இல் வெளிவந்த படத்தில் எம். என். நம்பியார் பல வேடங்களில் தோன்றி அச்சாமியாரை நிலைநிறுத்தினார்.

தேவன் எழுதிய சாம்பு வேறு வகை. வங்கிக் குமாஸ்தாவாக இருந்த அந்த அப்பாவி, தன் அசட்டுத்தனத்தாலேயே குற்றவாளிகளைப் பிடித்துவிடுவான். போலீஸாரும் அவனை மேதை என்று நம்புவர். நகைச்சுவைதான், ஆயினும் அதிகாரத்தின் மதிநுட்பத்தைப் பற்றிய கேலி அதனுள் இருக்கிறது. தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் அருந்திச் சிந்தித்து, கடல் கடந்த நாடுகளுக்கும் சென்று துப்புத் துலக்கினார். இந்திரா என்னும் மனைவியோடு இல்லறம் நடத்திய துப்பறிவாளர் அவர். பின்னர் இணை இணையாகவே துப்பறிவோர் வந்தனர்: பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தும் சுசீலாவும், சுபாவின் நரேந்திரனும் வைஜயந்தியும், கோவை ராஜேஷ்குமாரின் விவேக்கும் ரூபலாவும். ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதிய ராஜேஷ்குமாரின் விவேக், குற்றப்பிரிவு அதிகாரி. தானவனுக்குப் பின் காவல்துறை மீண்டும் மதிப்போடு வீட்டிற்குள் நுழைந்தது, ரூபலாவின் கணவனாக.

நாங்கள் பிள்ளைகளாய் இருந்த நாளில், இம்மாத நாவல்கள் இரயில் நிலையக் கடைகளில் தோரணமாய்த் தொங்கும். வெளியூர் செல்வோர் ஒன்று வாங்கி, பயணம் முடியுமுன் படித்து, எதிர் இருக்கையில் அமர்ந்தவரிடம் கொடுத்துவிட்டு இறங்குவர். பம்பாயிலும் டில்லியிலும் பெங்களூரிலும் வாழ்ந்த தமிழர் பலருக்குத் தமிழ் அச்செழுத்தோடு இருந்த இடையறாத உறவு, இம்மலிவுத் தாள்களால் அமைந்ததே. இவற்றைச் சேர்த்துக் காத்த நூலகங்கள் சிலவே.

இனி வருங்காலத்திற்கு வருவோம். போலீஸ் கதையையும் எதிர்காலத்தையும் இணைத்தவர்களுள் புகழ்பெற்ற முன்னோடி ஐசக் அசிமோவ். 1954-இல் நூலாக வந்த அவருடைய நாவலில், நியூயார்க் போலீஸ்காரர் எலைஜா பேலி, டானீல் என்னும் மனித உருவ எந்திரத்தோடு இணைந்து ஒரு கொலையை ஆராய்கிறார். தமிழில் அந்தக் கதவைத் திறந்தவர் சுஜாதா என்று நாம் அறிந்த எஸ். ரங்கராஜன். திருவரங்கத்தில் வளர்ந்து, டில்லியில் விமானப் போக்குவரத்துத் துறையில் பணியாற்றி, பின்பு பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராய் இருந்தவர். மின்னணு வாக்குப் பதிவு எந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கு கொண்டவர். மனைவியின் பெயரையே புனைபெயராக்கிக்கொண்ட அவரும் நம்மைப்போல் வெளிமாநிலத் தமிழரே.

வருங்காலம் எப்போதும் எதிர்பாராத இடத்தில்தான் பிறக்கிறது. எங்கள் மைசூரில் 1935-இல் பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி தம் இல்லத்தில் நிறுவிய வானொலி நிலையத்திற்கு இட்ட ‘ஆகாசவாணி’ என்னும் பெயரே பின்னர் நாட்டு வானொலிக்கும் பெயராயிற்று. அதுபோலவே, தமிழின் எதிர்காலக் கதையும் கன்னட மண்ணில் ஒரு பொறியாளரின் மேசையில் வளர்ந்தது.

1968-இல் குமுதத்தில் வந்த ‘நைலான் கயிறு’ நாவலில் சுஜாதாவின் கணேஷ் அறிமுகமானார். அவர் போலீஸ்காரரல்லர், வழக்கறிஞர். பின்னர் வசந்த் அவருடன் சேர்ந்தார். 1981-இன் ‘கொலையுதிர் காலம்’ நாவலில், நிகழ்வன ஆவியின் செயலா, அறிவியலின் வேலையா என்று அவ்விருவரும் வாதிடுகின்றனர். பழைய மாளிகைக்குள் புதிய கருவி நுழைந்த தருணம் அது.

அதன் பின் 1980-களில் ஆனந்த விகடனில் ‘என் இனிய இயந்திரா’ தொடராக வந்தது; தொலைக்காட்சிக்கும் சென்றது. கதை நிகழ்வது 2020-களின் தொடக்கத்தில். அன்று அது தொலைதூர எதிர்காலம். இன்று நாம் கடந்துவந்த காலம். ஜீவா என்னும் சர்வாதிகாரியின் ஆட்சி. பிள்ளை பெறவும் அரசின் அனுமதி வேண்டும். அவ்வனுமதி பெற்ற நிலா என்னும் பெண்ணின் கணவன் சிபி திடீரெனக் காணாமற்போகிறான். அவனைத் தேடிப் புறப்படும் நிலாவிற்குத் துணையாவது, ஜீனோ என்னும் எந்திர நாய். தேடத் தேட, அவள் எதிர்கொள்வது ஒரு தனிக் குற்றவாளியை அன்று, அரசின் அமைப்பையே.

இங்கேதான் என் மகளின் வினாவிற்கு முழு விடை கிடைக்கிறது. ஈவ் டல்லாஸ் போலீஸ் அதிகாரி. அவளுக்கு அதிகாரமும் சின்னமும் உண்டு. காதல் அவள் வாழ்வில் பின்னர் வந்து சேர்கிறது. எலைஜா பேலிக்கும் அவ்வாறே அரசு பின்னே நிற்கிறது. நிலாவிற்கு அத்தகைய பின்பலம் ஏதுமில்லை. காதல் ஒன்றே அவளுடைய அதிகாரப் பத்திரம். கணவனுக்காக அரசவைக்குச் சென்ற பூம்புகார்ப் பெண்ணின் அடிச்சுவடு அது. காலம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முன்னேறி, கையிலிருந்த சிலம்பு போய் எந்திர நாய் வந்திருக்கிறது. வாயிலில் நின்று கேட்பவள் மாறவில்லை.

நம் கதைகள் போலீஸை வெறுத்தன என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டா. தானவனும் விவேக்கும் நம்மவரே. பொறுப்புள்ள அதிகாரியை நம் வாசகர் எப்போதும் வரவேற்றுள்ளனர். ஆனால் அவ்வதிகாரி தவறும் நாளில், உண்மையை யார் தேடுவர் என்ற கேள்விக்கும் நம் கதைகள் விடை வைத்திருக்கின்றன: இழந்தவரே தேடுவர். முகத்தைக் கண்டே ஆளை அடையாளம் சொல்லும் கருவிகள் காவல்துறையின் கைக்கு வந்துவிட்ட இந்நாளில், அவ்விடை முன்னைவிடத் தேவையாகிறது. கருவி பிழை செய்தால், ‘இவர் அவரல்லர்’ என்று அஞ்சாமல் சொல்லக்கூடியவர், அம்முகத்தை நேசித்தவரே.

வெளிமாநிலங்களில் வாழும் அன்பர்கள், பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்க நீதிநூல்களையே முதலில் எடுக்கின்றனர். நானும் அவ்வாறே முயன்று தோற்றவன். இவ்வாராய்ச்சிக்குப் பின் ‘என் இனிய இயந்திரா’ பிரதி ஒன்றை மகளிடம் கொடுத்தேன். முதல் நாள் இரண்டு பக்கம். எழுத்துக்கூட்டிப் படித்தாள், பத்துச் சொற்களுக்குப் பொருள் கேட்டாள். ஒரு வாரத்தில் நாளொன்றுக்கு ஆறு பக்கமாயிற்று. நேற்றிரவு உணவு வேளையில் அவள் கேட்டது சொல்லுக்குப் பொருள் அன்று.

“அப்பா, சிபி கிடைப்பானா?”

அதைச் சொல்ல நான் மறுத்துவிட்டேன்.