வார்டிலிருந்து வகுப்பறைக்கு

காலடிப்பேட்டை என்றதும் யாருடைய காலடி என்று கேட்கத் தோன்றும். எவருடையதும் அன்று. 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய 'காலெட் பேட்டை'யே மக்கள் நாவில் இவ்வாறு மருவிற்று. நெசவுக்குத் தனிப் பள்ளி கிடையாது. தறியில் அமர்ந்தவரே ஆசான்.

அங்கிருந்து தெற்கே இராயபுரத்தில், 1880இல் சவலை இராமசாமி முதலியாரின் கொடையால் எழுந்த பிரசவ மருத்துவமனையைக் கடக்குந்தோறும் அத்தறியே நம் நினைவுக்கு வருகிறது. செவிலியமும் தொடக்கத்தில் அப்படித்தான் கற்பிக்கப்பட்டது. சென்னையில் 1854இல் மருத்துவச்சிகளுக்கும், 1871இல் பொது மருத்துவமனையில் செவிலியருக்கும் பயிற்சி தொடங்கிய நாட்களில் கட்டிலருகே நின்று கண்டதே பாடம். இலண்டனில் 1860இல் தொடங்கிய நைட்டிங்கேல் பள்ளியின் அன்றாடப் பொறுப்பைச் சுமந்தவரும் செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் மேட்ரன் வார்ட்ரோப்பர் அம்மையாரே. (பள்ளியை நைட்டிங்கேலே நேரில் நடத்தினார் என்று நம்மில் பலர் எண்ணியிருப்போம்!)

1946இல் வேலூரிலும் தில்லியிலும் செவிலியத்தில் பட்டப்படிப்பு பிறந்தது. ஐடா ஸ்கடர் 1909இல் தொடங்கிய வேலூர்ப் பள்ளி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ்க் கல்லூரியாயிற்று. இது செவிலியருக்குக் கிட்டிய பெருமதிப்பு என்பதில் ஐயமில்லை. ஆயினும், பட்டம் வந்தபின் பட்டமுள்ளவரே கற்பிக்கவேண்டும் என்றாயிற்று. டிப்ளமோ படித்து இருபதாண்டு வார்டில் உழைத்த சிஸ்டர் ஆசிரியராக விரும்பினால், போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. இரண்டாண்டு, எம்.எஸ்சி. இன்னும் இரண்டாண்டு. குடும்பத்தை ஒருபுறம் நிறுத்திவிட்டு, மகள் வயதுப் பெண்களோடு பெஞ்சில் அமரவேண்டும்.

அதனினும் கடினமானது ஒன்று உண்டு. பிள்ளை பிறந்தபின் தாயின் வயிற்றில் கைவைத்துப் பார்க்கும் சிஸ்டருக்குக் கருப்பை இறுகியிருக்கிறதா, தளர்ந்து குருதிப்பெருக்குக்கு இடம்தருமா என்பது கணத்தில் புலப்படும். எப்படித் தெரிந்தது என்று மாணவி கேட்டால் விடை எளிதில் வாராது. விதிகளை எண்ணிப் பார்க்காமலே செயற்படுவது தேர்ந்தவரின் இயல்பு என்று அமெரிக்கச் செவிலியப் பேராசிரியர் பாட்ரீசியா பென்னர் 1984இல் எழுதினார். வார்டில் தேர்ந்தவர் வகுப்பறையில் மீண்டும் கற்றுக்குட்டியாவதன் காரணம் இதுவே எனக் கருதுகிறோம். கை அறிந்ததை வாய்க்குக் கொண்டுவரும் வித்தையை அவர் புதிதாகப் பயிலவேண்டும். அதற்குப் பட்டம் ஓரளவே உதவும்.

சொந்த மருத்துவமனை இல்லாத கல்லூரிகளில் ஆசிரியர் மெல்ல மெல்ல நோயாளியிடமிருந்து விலகிப் போகிறார். அவர் விட்டுவந்த வார்டிலோ அனுபவமுள்ள ஒரு கை குறைகிறது. இவ்விரட்டை இழப்பை வேலூர் வேறுவிதமாக எதிர்கொண்டது. அங்கே கற்பிப்போரே வார்டுப் பொறுப்பையும் ஏற்கின்றனர். வேலை இருமடங்குதான். ஆனாலும், காலையில் தாம் தொட்டுப்பார்த்த வயிற்றைப் பற்றியே பிற்பகலில் கரும்பலகை முன் நின்று பேச அவர்களால் முடிகிறது.