டேர்பிஷயர்: மாளிகையும் மலைவெளியும்

இங்கிலாந்தின் நடுப்பாகத்தே அமைந்த டேர்பிஷயர் மாவட்டத்தைக் காணச் செல்வோரிற் பலர் முதற்கண் நாடுவது சாட்ஸ்வேர்த் மாளிகையையே. டெவன்ஷயர் கோமக்களின் உறைவிடமாகிய அம்மாளிகையின் பழைய கட்டடம் 1687 முதல் 1707 வரையுள்ள காலத்திற் புதுக்கி எழுப்பப்பட்டது. அங்குள்ள ஓவியக் கூடங்களும், 1844 இல் யோசப் பாக்ஸ்டன் அமைத்த உயர்ந்த நீரூற்றும் காண்போர் கண்ணைக் கவர்வன.

மாளிகைக்குத் தெற்கே குரொம்போர்ட் என்னும் சிற்றூர் உளது. நீர்விசையால் இயங்கும் பருத்தி நூற்பாலையொன்றை 1771 இல் ரிச்சட் ஆர்க்ரைட் அங்கே நிறுவினார். குடிசைகளிற் கைராட்டையால் நடந்த தொழில் ஆலைக்குட் புகுந்தது. நாளடைவில் ஆலைத்தொழில் நாடெங்கும் பெருகவே, மாவட்டத்தின் எல்லைக்கப்பால் மேற்கே மாஞ்செஸ்டரும் வடகிழக்கே ஷெபீல்டும் புகை சூழ்ந்த பெருநகரங்களாயின.

அந்நகரத் தொழிலாளருக்கு ஓய்வு கிடைத்தது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையிலேயே. தூய காற்றை நாடிய அவர்கள் கண்முன் நின்றது, மாவட்டத்தின் வடமேற்கே 636 மீற்றர் உயர்ந்த கிண்டர் ஸ்கௌட் மேட்டுநிலம். ஆயினும் அங்கே கால்வைக்க அவர்களுக்கு உரிமையில்லை. முன்னர் பொதுவாயிருந்த வெளிகள் பல வேலியடைப்புச் சட்டங்களாலே தனியாருடைமையாகிவிட்டன. செல்வர் ஆண்டிற் சில நாட்கள் ஆடும் பறவை வேட்டைக்காக, ஆண்டு முழுவதும் அங்கே காவல் நிலவியது. கிண்டர் நிலத்துக்கு உரியவர்களுள் டெவன்ஷயர் கோமகனும் ஒருவர்.

1932 ஆம் ஆண்டு ஏப்ரில் 24 ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, இருபது வயதினரான பெனி றொத்மன் என்பாரின் தலைமையில் நூற்றுக்கணக்கானோர் தடையை மீறி மலையேறினர். காவலரோடு கைகலப்பு மூண்டது. கலகம் முதலிய குற்றங்கள் சாட்டப்பட்டு, ஐவர் இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை பெற்றனர்.

அத்தண்டனையின் கடுமை பொதுமக்களின் அனுதாபத்தை அவர்கள் பக்கம் திருப்பியது. 1949 இல் தேசியப் பூங்காக்களுக்கான சட்டம் நிறைவேறியது. 1951 இல் பிரித்தானியாவின் முதலாவது தேசியப் பூங்கா இம்மலைப்பகுதியிலேயே அமைந்தது. மேட்டுவெளிகளிற் கால்நடையாக உலாவும் உரிமையை 2000 ஆம் ஆண்டுச் சட்டம் விரிவாக வழங்கியது. 2002 இல், மலையேற்றத்தின் எழுபதாம் ஆண்டு நிறைவின்போது, பதினோராவது டெவன்ஷயர் கோமகன் தம் பாட்டனார் காலத்துச் செயலுக்காக மக்கள் முன்னிலையில் மன்னிப்புக் கோரினார்.

சாட்ஸ்வேர்த் மாளிகையினுட் செல்வோர் கட்டணம் செலுத்துகின்றனர். கிண்டர் மேட்டில் நடப்போருக்குக் கட்டணம் எதுவுமில்லை. அவ்வழியைத் திறக்கச் சிறைசென்றோரை அவர்கள் நினைத்தல் தகும்.