நடக்காத சண்டைகள்

1975ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் முகமது அலி, ஜோ பக்னருடன் 15 சுற்றுகள் மோதிப் புள்ளிக் கணக்கில் வென்றார். அதைக் கண்ட பெரியவர்களிடம் குத்துச்சண்டை பற்றிப் பேச்சுக் கொடுத்தால், ஒரு கேள்வி கட்டாயம் எழும். அலியும் ஜோ லூயிஸும் மோதியிருந்தால் யார் வென்றிருப்பார்? லூயிஸ் 1937 முதல் 1949 வரை வெற்றிவீரராக இருந்தவர். அவர் பட்டம் வென்றபோது அலி பிறக்கவேயில்லை. நடக்க முடியாத சண்டைதான். ஆனாலும் மனம் விடுவதில்லை.

இந்த ஆசையை ஒருவர் வானொலி நிகழ்ச்சியாகவே ஆக்கினார். அமெரிக்காவின் மயாமி நகரைச் சேர்ந்த மரே வொரோனர் என்ற தயாரிப்பாளர், 1967இல் ஹெவிவெயிட் எனப்படும் மிகு எடைப் பிரிவின் 16 வெற்றிவீரர்களைத் தேர்ந்தெடுத்தார். அவர்களைப் பற்றிய விவரங்களைக் கணிப்பொறியில் செலுத்தினார். அது கூறிய முடிவுகள், கண்முன் நடக்கும் சண்டைபோல் வருணனையுடன் ஒலிபரப்பாயின. இறுதியில் ராக்கி மார்சியானோ, ஜாக் டெம்ப்சியை வென்றதாக முடிவு வந்தது. அலியோ, இந்நூற்றாண்டு பிறக்க நெடுங்காலம் இருந்தபோதே பட்டம் வென்ற ஜிம் ஜெஃப்ரீஸிடம் தோற்றுவிட்டாராம்! அலி வழக்குத் தொடுத்தார். பத்து லட்சம் டாலர் இழப்பீடு கேட்டார்.

அந்த வழக்கு சமரசத்தில் முடிந்தது. அதன் பயனாக 1969இல் அலியும் மார்சியானோவும் ஒரு திரைப்படத்துக்காக மேடை ஏறினர். அலிக்கு வயது 27. மார்சியானோவுக்கு 45, 49 சண்டைகளில் ஒன்றிலும் தோற்காமல் 1956இல் ஓய்வு பெற்றவர். உடல் எடையைக் குறைத்து, வழுக்கையைப் பொய்முடியால் மறைத்து நடித்தார். பல முடிவுகள் படமாக்கப்பட்டன. படம் திரைக்கு வருமுன், ஆகஸ்ட் 31ஆம் நாள் மார்சியானோ விமான விபத்தில் மாண்டார். 1970 ஜனவரி 20இல் அமெரிக்கத் திரையரங்குகளில், 13ஆவது சுற்றில் அலி வீழ்ந்தார். ஐரோப்பாவில் காட்டிய படத்திலோ அலி வென்றார். ஒரே சண்டை, இரண்டு முடிவு!

கணிப்பொறி பொய் சொல்லுமா என்று கேட்கலாம். நாம் எதைக் கொடுக்கிறோமோ, அதிலிருந்துதான் அது விடை கூறும். ஆனால் நாம் கொடுக்கும் கணக்குகளே ஒரே அளவுகோலால் அளந்தவை அல்ல.

விதிகளைப் பாருங்கள். 1919இல் டெம்ப்சி, ஜெஸ் வில்லர்டை முதல் சுற்றிலேயே ஏழு முறை வீழ்த்தினார். விழுந்தவர் எழும்வரை அருகிலேயே நின்று, எழுந்ததும் அடித்தார். அன்று அதற்குத் தடை இல்லை. 1927இல் அவர் ஜீன் டன்னியை வீழ்த்தியபோது, ஒதுக்கு மூலைக்குச் சென்ற பிறகே எண்ணத் தொடங்க வேண்டும் என்ற விதி இருந்தது. டெம்ப்சி உடனே போகவில்லை. டன்னிக்குச் சில விநாடிகள் கூடுதலாகக் கிடைத்தன, எழுந்தார், வென்றார். அப்படியானால் அலியுடன் டெம்ப்சி மோதுவது எந்த விதிப்படி? எடையும் அப்படித்தான். மார்சியானோ ஏறத்தாழ 84 கிலோ. 1974இல் ஃபோர்மனை வென்ற அலி ஏறத்தாழ 98 கிலோ.

நேயர்களே, இவற்றைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. நடந்திருக்க வேண்டிய சண்டைகள் பல நடக்கவேயில்லை. காரணம், நிறவெறி.

பீட்டர் ஜாக்சன் என்ற கறுப்பின வீரருடன் மோத, வெற்றிவீரர் ஜான் சல்லிவன் மறுத்துவிட்டார். அந்த ஜாக்சன் 1891இல் ஜேம்ஸ் கார்பெட்டுடன் 61 சுற்றுகள் மோதினார். வெற்றி தோல்வி இல்லை. மறு ஆண்டே கார்பெட், சல்லிவனை வென்று பட்டம் பெற்றார். ஜாக்சனுக்கு அந்த வாய்ப்பு வரவேயில்லை.

அலியை வென்றதாகச் சொல்லப்பட்ட ஜெஃப்ரீஸும் பட்டத்தை வைத்திருந்த நாளில் கறுப்பினத்தவரான ஜாக் ஜான்சனுக்கு இடம் தரவில்லை. ஜான்சன் 1908இல் சிட்னியில் வேறொருவரிடம் பட்டத்தைப் பறித்தார். வெள்ளையர் மானத்தைக் காக்க வேண்டும் என்று ஜெஃப்ரீஸை ஓய்விலிருந்து அழைத்து வந்தார்கள். 1910 ஜூலை 4ஆம் நாள் ரீனோ நகரில், 15ஆவது சுற்றில் அவர் தோற்றார். அதைப் பொறுக்காமல் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் கலவரம் மூண்டது. கறுப்பின மக்கள் கொல்லப்பட்டனர். 1915இல் ஜான்சன் பட்டத்தை இழந்தபின், ஜோ லூயிஸ் வரும்வரை 22 ஆண்டுகள் எந்தக் கறுப்பின வீரருக்கும் பட்டத்துக்காக மோதும் வாய்ப்புத் தரப்படவில்லை. டெம்ப்சியை எதிர்கொள்ள ஹாரி வில்ஸ் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். அந்தச் சண்டை கடைசிவரை நடக்கவில்லை.

அலியின் கதையும் இதில் சேர்ந்ததே. வியட்நாம் போருக்காகப் படையில் சேர 1967 ஏப்ரலில் அவர் மறுத்தார். பட்டம் பறிபோயிற்று, 1970 அக்டோபர் வரை மேடை ஏற முடியவில்லை. ஒரு வீரனின் உடல் உச்சத்தில் இருக்கும் மூன்றரை ஆண்டுகள் அவை. உண்மைச் சண்டைக்கு அனுமதி மறுத்த நாட்டில், பொய்ச் சண்டையில் அவர் வீழ்வதைக் காணக் கூட்டம் கூடியது.

ஆகவே, யார் வென்றிருப்பார் என்று வாதிடுவதில் தவறில்லை. அது இனிய பொழுதுபோக்கு. ஆனால் ஒரு வீரரின் வெற்றிப் பட்டியலைக் கையில் எடுக்கும்போது, அவர் யாரை வென்றார் என்பதோடு, யாரைச் சந்திக்க மறுத்தார், யாருக்குக் கதவு அடைக்கப்பட்டது என்றும் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்லக் கணிப்பொறி வேண்டாம், வரலாறே போதும்.