செவித்திறன் இழப்பும் மூளையின் ஒலியறிதலும்

காது மந்தமாகும்போது, அதனிடம் சேதி பெற்றுவந்த மூளைப் பகுதிகள் தம் அமைப்பையும் உணர்திறனையும் மாற்றிக்கொள்கின்றன. செவித்திறன் இழந்தவர் படும் சிரமத்தில் இந்த மாற்றத்துக்கும் பங்குண்டு.

உள்காதிலுள்ள காக்ளியாவில் சுமார் 3,500 உள் மயிர்செல்கள் ஒலியதிர்வை நரம்புச் சமிக்ஞைகளாக்குகின்றன. அதன் அடிப்பகுதி கீச்சொலிகளுக்கு, நுனி கனத்த ஒலிகளுக்கு. இதே வரிசை மூளைத்தண்டைக் கடந்து, ஒலியை அறியும் மூளை மேற்பரப்பான கேட்புப் புறணிவரை குலையாமல் செல்கிறது. முதுமையும் இரைச்சலும் முதலில் தாக்குவது கீச்சொலிப் பக்கத்தை. ஒரு காதில் அப்பகுதி சேதமான கினிப் பன்றிகளை ராபர்ட்சனும் இர்வினும் ஆராய்ந்து 1989இல் முடிவுகளை வெளியிட்டனர்: வேலையிழந்த புறணிப் பரப்பு சில வாரங்களில் பக்கத்து ஒலிகளுக்குப் பதில் தரத் தொடங்கியிருந்தது.

"கேக்குது, என்னன்னுதான் புரியல" என்று பெரியவர்கள் சொல்வது சாக்குப்போக்கு அல்ல. தமிழில் உயிரொலிகளின் வலு தாழ்ந்த அதிர்வெண்களில் இருப்பதால் அவை எளிதில் காதில் விழும். ஆனால் 'சட்டி', 'தட்டி', 'கட்டி' ஆகியவற்றைப் பிரித்துக்காட்டும் முதல் மெய்யின் தடயங்கள் பெரும்பாலும் உயர் அதிர்வெண்களில் உள்ளன. அவை தேயும்போது மூளை சூழலை வைத்து ஊகிக்கிறது. அதற்குக் கவனமும் நினைவாற்றலும் செலவாவதால்தான் கல்யாண வீட்டுக் கூட்டத்தில் சீக்கிரமே அலுத்துப்போகிறார்கள். சத்தம் போட்டுப் பேசினால் "ஏன் கத்துற?" என்பார்கள். மெல்லிய ஒலிகளை மட்டும் பெருக்கித் தரும் வெளி மயிர்செல்கள் அழிந்ததும் இதற்குக் காரணம். வரத்து குறைந்ததை ஈடுகட்ட மூளை தன் உணர்திறனை உயர்த்திக்கொள்வதும் காரணம்.

வெளியே ஒலி இல்லாமலே கேட்கும் காதிரைச்சலுக்கும் இந்த உணர்திறன் உயர்வே முக்கியக் காரணம் எனப் பலர் கருதுகின்றனர். துண்டிக்கப்பட்ட கையில் வலி உணரப்படுவதை, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன் மூளையின் மறுசீரமைப்பைக் கொண்டு விளக்கினார். காதிரைச்சலையும் அதற்கு ஒப்பிடுவதுண்டு.

பிறவியிலேயே கேளாத குழந்தைகளின் நிலை வேறு. அவர்களின் கேட்புப் புறணி ஒலியால் பழக்கப்படவே இல்லை; அதன் சில பகுதிகளைப் பார்வைப் புலன் எடுத்துக்கொள்கிறது. கேட்பு நரம்பை மின்முனைகளால் நேரடியாகத் தூண்டும் காக்ளியர் இம்ப்ளாண்ட் கருவியைப் பொருத்திய குழந்தைகளின் மூளை அலைகளை அளந்து அனு சர்மாவும் உடன் ஆய்வாளர்களும் 2002இல் கண்டது இது: மூன்றரை வயதுக்குள் பொருத்தினால் மூளையின் பதில் சில மாதங்களில் வயதுக்கேற்ற வேகத்தை எட்டுகிறது, ஏழு வயதுக்குப் பின் பெரும்பாலோரிடம் எட்டுவதில்லை.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் மீனாட்சிபுரம் போன்ற எல்லையூர்களில் இந்த வயதுக் கணக்கு நேரடியாகப் பொருந்துகிறது. காக்ளியர் இம்ப்ளாண்ட் பொருத்த உதவும் கேரளத்தின் சுருதிதரங்கம் திட்டம் 2012இல் தொடங்கியது. ஐந்து வயதுவரையுள்ள குழந்தைகளுக்கானது. எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டின் பொள்ளாச்சிப் பக்கத்துக் குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. இந்த அறுவைக்கு அதன் வரம்பு ஆறு வயது. இவை விண்ணப்பத் தகுதிக்கான உச்ச வரம்புகள் மட்டுமே. "அஞ்சு வயசுவரைக்கும் டைம் இருக்கே" என்று காத்திருப்பவர்கள் மூன்றரை வயதைத் தவறவிடுகிறார்கள்.

அறுவையோடு வேலை முடிவதில்லை. 3,500 செல்கள் செய்யும் வேலையைக் கருவியின் 12 முதல் 22 மின்முனைகளே செய்வதால், அந்தச் சுருங்கிய சமிக்ஞையைச் சொல்லாகப் புரிந்துகொள்ள மூளைக்குப் பேச்சுப் பயிற்சி தேவை. வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வளரும் குழந்தைக்கு அதை வீட்டு மொழியில் தொடங்குவதே சரி. சோறூட்டும்போதும் குளிப்பாட்டும்போதும் பயிற்சி தரப்போவது அந்த மொழி பேசும் தாயும் பாட்டியும்தான்.