பன்னிரண்டு படங்கள்

கல்யாண ஆல்பத்தைச் சரித்திர ஆதாரமாக எடுத்துக்கொள்கிறவர்கள், கல்யாணம் எப்படி நடந்தது என்று அதில் தேடுகிறார்கள். போட்டோக்காரரை அமர்த்தும்போது நடந்த பேரத்தைத்தான் ஆல்பம் பதிவு செய்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

நம் பக்கத்துக்குக் காமிரா வந்தது குடும்பங்களுக்காக அல்ல. மதராஸ் ராஜதானியின் போட்டோகிராபராக இருந்த லின்னேயஸ் ட்ரைப், 1858-ல் மதுரையில் எடுத்தவை பெரும்பாலும் கோயிலும் அரண்மனையும். மெழுகிட்ட காகித நெகடிவில் உருவம் பதிய நேரமாகும், கல் அசையாது. 1897-ல் பாரதிக்கும் செல்லம்மாவுக்கும் கல்யாணம் நடந்தது. கிடைத்திருக்கும் சொற்பமான பாரதி படங்களில் அந்த நாளின் படம் இல்லை. அவர்களைத் தம்பதியாகக் காட்டும் படம் புதுச்சேரி வாசத்தின்போது எடுத்தது. அதுவரை கல்யாணத்துக்குச் சாட்சி பந்தியில் உட்கார்ந்தவர்களின் ஞாபகம்தான். அந்த ஞாபகத்தில் யாரையும் விட்டுவிட முடியாது, யாராவது ஒரு கிழவி எடுத்துக்கொடுத்துவிடுவாள்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் போட்டோக்காரரை அமர்த்தியது 1964-ல், சின்ன அத்தை கல்யாணத்துக்கு. வீடு திருநெல்வேலி டவுணில், நெல்லையப்பர் கோயில் ரத வீதியை ஒட்டிய ஒரு சந்தில். இரண்டு பேரை விசாரித்தார்கள். தாத்தா எவருடைய படத்தையும் வாங்கிப் பார்க்கவில்லை. கைராசி கேட்டார். இன்னார் படம் பிடித்த ஜோடிக்கு முதல் வருஷமே ஆண்பிள்ளை என்று தெரிந்ததும் ஆள் முடிவாகிவிட்டது. படம் பிடித்தால் ஆயுள் குறையும் என்று பயந்த ஆச்சியைச் சம்மதிக்க வைத்ததும் அந்தக் கைராசிதான். கலை விமர்சனத்தில் இந்த அளவுகோலுக்கு இடமில்லை. ஆனால் நம் போட்டோகிராபி சரித்திரத்தை எழுதுகிறவன் இதை விட்டுவிட்டு எழுத முடியாது.

பிறகு திண்ணையில் பேரம்.

"ரெண்டு ரோலாவது வேணும் அண்ணாச்சி."

"ஒண்ணு போதும்வே."

ஒரு 120 ரோலில், சதுரப் படமானால், பன்னிரண்டு. உதகையில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960-ல் தொடங்கப்பட்டாலும் உற்பத்தி 1967-ல்தான். அன்று எங்கள் கல்யாணத்துக்கு வந்தது இறக்குமதிச் சுருள். ஃப்ளாஷ் பல்பு ஒரு படத்தோடு கருகிவிடும், அதற்குத் தனிக் கணக்கு. (கருகிய பல்புகளைப் பொறுக்க எங்களுக்குள் அடிபிடி. நீலம் பாரித்து, சூடு ஆறாமல் இருக்கும்.) ஆகவே பன்னிரண்டையும் தாத்தா ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். தாலி கட்டுக்கு ஒன்று. சம்பந்திகளுக்கு ஒன்று. தாய்மாமனுக்கு ஒன்று. தாசில்தாருக்கு இரண்டு.

பெரிய அத்தை அந்தக் காகிதத்தில் இல்லை. இருபத்திரண்டு வயதில் தாலியறுத்தவள். முறுக்குச் சுற்றியதும், ஐந்து நாள் விடியுமுன் எழுந்து அடுப்பைப் பார்த்ததும், தங்கைக்குத் தலைபின்னி விட்டதும் அவள்தான். முகூர்த்த நேரத்தில் இரண்டாங்கட்டில் இருந்தாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை, அவளாகவே போய்விட்டாள் என்று பிற்பாடு சொன்னார்கள். அது உண்மையாகவே இருக்கலாம்.

இப்போது ரோல் இல்லை, எண்ணிக்கையும் இல்லை. என் பேத்தி கல்யாணத்துக்கு வந்த பையன் ஆயிரக்கணக்கில் எடுத்துத் தள்ளினான். ஆனால் அமர்த்திய அன்றே அவனும் கேட்டான்: "முக்கியமான ஆட்கள் லிஸ்ட் ஒண்ணு கொடுத்திருங்க சார்."

1964 ஆல்பம் என்னிடம்தான் இருக்கிறது. பதினோரு படம் முடிந்ததும் போட்டோக்காரர் தாத்தாவிடம் வந்து, இன்னும் ஒன்று மிச்சம், யாரை எடுக்க என்று கேட்டார். நான் பக்கத்தில் நின்றேன். தாத்தா சுற்றுமுற்றும் பார்த்தார். எல்லாரும் பந்திக்குப் போயிருந்தார்கள். வீணாக்க வேண்டாம், பந்தலை எடும் என்றார். கடைசிப் பக்கத்தில் அது ஒட்டியிருக்கிறது: இரண்டு வாழைமரம், ஒரு பெஞ்சு, ஆளில்லாத பந்தல்.