இணைய விற்பனையில் இரசாயனப் பாதுகாப்பு: மலேசியா

முகப்பூச்சு, தலைச்சாயம், கொசுவத்தி, பொம்மை, மூலிகை மருந்து போன்ற அன்றாடப் பொருள்களை இணையத்தில் விற்போர் சில தடைகளுக்கும் பதிவுகளுக்கும் அளவு வரம்புகளுக்கும் உட்பட்டவர்கள். இவற்றின் தொகுப்பே இணைய விற்பனையில் இரசாயனப் பாதுகாப்பு எனப்படுகிறது. மலேசியாவில் இதற்கென்று ஒரே சட்டம் கிடையாது. கடைத்தெருவை மனத்தில் வைத்து இயற்றப்பட்ட பல சட்டங்களே கைப்பேசித் திரைக்கும் பொருந்துகின்றன. கடையில் பொருளைக் கையில் எடுத்து, திருப்பி, பின்பக்க எழுத்தைப் படிக்க முடியும். திரையிலோ விற்பவர் காட்டும் பக்கம் மட்டுமே தெரியும். லேபிளில் இருக்க வேண்டிய விவரத்தை வாங்குவதற்கு முன்பே வாங்குபவர் கண்ணில் படவைப்பதுதான் இத்துறையின் மையச் சிக்கல்.

வகைப்பாடு

மலேசியச் சட்டம் ஒரு பொருளில் என்ன இரசாயனம் இருக்கிறது என்பதை மட்டும் பார்ப்பதில்லை. அது எதற்காக விற்கப்படுகிறது என்பதையும் பார்க்கிறது. வேப்பெண்ணெய் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கூந்தலுக்குத் தேய்க்க என்று விற்றால் அது அழகுசாதனப் பொருள். சிரங்கைக் குணப்படுத்தும் என்று விற்றால் மருந்து. செடியில் தெளித்தால் பூச்சி சாகும் என்று விற்றால் பூச்சிக்கொல்லி. எண்ணெய் ஒன்றே ஆனாலும், விளம்பரத்தில் எழுதும் ஒரு வரி அதை வேறொரு துறையின் கைக்கு மாற்றிவிடும். இணைய விற்பனையாளர் பலர் சட்டத்தில் சிக்குவது பொருளால் மட்டுமல்ல, அதற்குத் தாம் எழுதிய புகழுரையாலும்தான்.

வகைக்கேற்ப வாங்குபவர் தேட வேண்டிய அடையாளங்கள்:

– அழகுசாதனப் பொருள்: என்.ஓ.டி. என்று தொடங்கி கே என்ற எழுத்தில் முடியும் அறிவிப்பு எண்.
– மருந்து, பாரம்பரிய மருந்து: எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண். பாரம்பரிய மருந்தின் எண் டி என்ற எழுத்தில் முடியும். பொதியில் பாதுகாப்பு ஹாலோகிராமும் இருக்க வேண்டும்.
– மருந்து விளம்பரம்: கே.கே.எல்.ஐ.யு. என்ற ஒப்புதல் எண்.
– பூச்சிக்கொல்லி: எல்.ஆர்.எம்.பி. என்ற பதிவு எண்.
– பொம்மை: எம்.சி. என்ற இணக்கக் குறி.

சட்டங்கள்

அடிப்படைச் சட்டம் 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். இதை நிர்வகிப்பது உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சு. 2007-இல் செய்யப்பட்ட திருத்தம் மின்வணிகத்தையும் இச்சட்டத்துக்குள் கொண்டுவந்தது. மின்வணிகத்துக்கான விதிகள் 2012-இல் வகுக்கப்பட்டு 2013 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தன. பெயர், பதிவு எண், முகவரி, தொலைபேசி எண், பொருளின் முக்கியத் தன்மைகள், முழு விலை ஆகியவற்றை விற்பவர் வெளியிட வேண்டும் என்று அவை கூறின. விற்பனைத் தளத்தை நடத்துபவர் அங்கு விற்போரின் பெயரையும் முகவரியையும் இரண்டு ஆண்டுகள் பதிந்து வைத்திருக்க வேண்டும் என்றும் விதித்தன. 2024 டிசம்பரில் இவற்றுக்குப் பதிலாகப் புதிய விதிகள் வந்தன.

அழகுசாதனப் பொருள்களும் மருந்துகளும் 1952-ஆம் ஆண்டின் மருந்து விற்பனைச் சட்டத்தின்கீழ் இயற்றப்பட்ட 1984-ஆம் ஆண்டு விதிகளுக்கு உட்பட்டவை. பெட்டாலிங் ஜெயாவில் இயங்கும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் இவற்றைக் கண்காணிக்கிறது. ஆசியான் நாடுகள் 2003-இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, 2008 ஜனவரி 1 முதல் அழகுசாதனப் பொருள்களுக்கு முன்பதிவு முறை நீங்கி அறிவிப்பு முறை வந்தது. மலேசியாவில் பதிவுபெற்ற நிறுவனமே அறிவிப்புச் செய்யலாம். அறிவிப்பு இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். வீட்டுச் சமையலறையில் காய்ச்சிய முகப்பூச்சைப் புட்டியில் அடைத்து விற்பவருக்கும் இதே விதிதான். உற்பத்தி இடம் நல்லுற்பத்தி நெறிமுறைக்கு உட்பட்டிருக்க வேண்டும்.

முகப்பூச்சும் பாதரசமும்

இணைய விற்பனையில் அதிகம் பிடிபடும் இரசாயனச் சிக்கல் நிறத்தை வெளுக்கச் செய்யும் பூச்சுகள். அறிவிப்பு ரத்தான பொருள்களின் பட்டியலைச் சுகாதார அமைச்சு அவ்வப்போது வெளியிடுகிறது. பாதரசம், ஹைட்ரோகுயினோன், டிரெட்டினோயின், பீட்டாமெத்தசோன் ஆகிய நான்கும் அதில் திரும்பத் திரும்ப வருகின்றன. கடைசி மூன்றும் மருத்துவர் மேற்பார்வையில் பயன்படும் மருந்துகள். அழகுப் பூச்சில் அவற்றுக்கு இடமில்லை. அளவு தெரியாமல் பூசினால் தோல் சிவந்து உரியும், மெலிந்துபோகும்.

பாதரசம் மருந்தாகக்கூட ஏற்கப்படுவதில்லை. தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதற்குத் தேவையான நொதியை அது தடுக்கிறது. அதனால் சில வாரங்களில் முகம் வெளுக்கிறது. பூசுவதை நிறுத்தினால் நிறம் திரும்பும் என்பதால் வாங்குபவர் நிறுத்துவதில்லை. இதற்கிடையே பாதரசம் தோல் வழியே உள்ளே சென்று சிறுநீரகத்தையும் நரம்புகளையும் தாக்குகிறது. ஆவியாகும் பாதரசம் பூசியவரைத் தாண்டி, அவர் மடியில் கிடக்கும் குழந்தையையும் எட்டும். கேரளத்தின் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை சிறுநீரகச் சவ்வு நோயுடன் வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். அவர்களில் 15 பேருக்கு ஒரு குறிப்பிட்ட அரிய வகை நோய் இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் நிறம் வெளுக்கும் பூச்சைப் பயன்படுத்தியவர்கள்.

அழகுசாதனப் பொருளில் பாதரசம் பத்து லட்சத்தில் 1 பங்கைத் தாண்டக் கூடாது என்பது ஆசியான் வரம்பு. ஈயத்துக்கு 20 பங்கு, ஆர்செனிக்குக்கு 5 பங்கு. பாதரசம் குறித்த மினமாத்தா உடன்படிக்கை 2017-இல் நடைமுறைக்கு வந்தது. பாதரசம் சேர்த்த அழகுசாதனப் பொருள் எதுவும் 2025-க்குப் பின் கூடாது என்று அதன் உறுப்பு நாடுகள் 2023-இல் முடிவு செய்தன.

1984-ஆம் ஆண்டு விதிகளை மீறும் தனிநபருக்கு முதல் குற்றத்துக்கு 25,000 ரிங்கிட் வரை அபராதமோ 3 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். மறுமுறை பிடிபட்டால் 50,000 ரிங்கிட், 5 ஆண்டு. நிறுவனத்துக்கு முதல் முறை 50,000 ரிங்கிட் வரையும் அடுத்த முறை 100,000 ரிங்கிட் வரையும் அபராதம் உண்டு.

குங்குமம், மருதாணி, சித்த மருந்து

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பல தலைமுறையாக விற்கப்படும் சில பொருள்கள் இரசாயனக் கண்கொண்டு பார்க்கப்படுவதே அரிது. மஞ்சளையும் சுண்ணாம்பையும் சேர்த்துச் செய்த குங்குமத்தில் கேடில்லை. சிவப்பு நிறத்துக்காக ஈயச் செந்தூரமோ சாதிலிங்கமோ கலந்தால் முன்னதில் ஈயமும் பின்னதில் பாதரசமும் வந்து சேரும். அமெரிக்காவின் நியூ ஜெர்சியிலும் மும்பை, புது தில்லி நகரங்களிலும் வாங்கிய 118 சிந்தூர மாதிரிகளைச் சோதித்த ஆய்வு 2017-இல் வெளியானது. அமெரிக்கக் கடைகளின் மாதிரிகளில் 19 விழுக்காடும் இந்திய மாதிரிகளில் 43 விழுக்காடும் 20 பங்கு ஈய வரம்பைத் தாண்டியிருந்தன. இந்த அளவு வரை ஈயம் குழந்தைகளுக்குக் கேடில்லை என்று சொல்லத்தக்க வரம்பு எதுவும் இல்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

இலையை அரைத்த மருதாணி செம்பழுப்பாகவே பற்றும். தீபாவளிக் காலத்தில் கேட்டு வாங்கப்படும் ‘கருப்பு மருதாணி’யில் தலைச்சாயத்துக்கு மட்டும் அனுமதிக்கப்பட்ட பாராஃபினைலீன்டையமின் கலந்திருக்கக்கூடும். கையில் கொப்புளம் எழுந்து தழும்பு விழுவது இதனால்தான்.

சித்த, ஆயுர்வேத மருந்துகளுக்கு வரம்பு பெரும்பாலும் இன்னும் கடுமையானது. பாரம்பரிய மருந்துகளின் பதிவு 1992-இல் தொடங்கியது. பத்து லட்சத்தில் ஈயம் 10 பங்கு, ஆர்செனிக் 5 பங்கு, பாதரசம் 0.5 பங்கு, காட்மியம் 0.3 பங்கு என்பவை உச்ச அளவுகள். பாதரசத்தை முறைப்படி மருந்தாக்கும் சித்த மரபின் பற்பங்களும் செந்தூரங்களும் இந்த எல்லைக்குள் வருவது கடினம். ஊரிலிருந்து வரவழைத்து வாட்ஸ்அப் குழுவில் விற்பவர் இதை அறியாவிட்டாலும் விதி மாறாது.

பூச்சிக்கொல்லியும் தோட்ட அனுபவமும்

1974-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி, பதிவு பெறாத எந்தப் பூச்சிக்கொல்லியையும் விற்கக் கூடாது. கொசுவத்தியும் கரப்பான் மருந்தும் இதில் அடங்கும். பெரிய கலனில் வாங்கிச் சிறு புட்டிகளில் ஊற்றி விற்பதும் குற்றம். லேபிள் கலனோடு நின்றுவிடும். நஞ்சு மட்டும் குளிர்பானப் புட்டியில் ஏறி வீட்டுக்குள் வரும்.

இந்த விதியின் அருமை மலேசியத் தமிழருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் களைக்கொல்லி தெளித்தவர்களில் தமிழ்ப் பெண்கள் மிகுதி. அவர்களுக்கு நேர்ந்த நஞ்சேற்றம் பற்றித் தெனாகானித்தா அமைப்பு, பூச்சிக்கொல்லிக்கு எதிரான ஆசிய பசிபிக் அமைப்புடன் சேர்ந்து 2002-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. அதே ஆண்டு பாராகுவாட் களைக்கொல்லியைக் கைவிட அரசு முடிவு செய்தது. 2006-இல் அது தளர்த்தப்பட்டது. முழுத் தடை 2020 ஜனவரி 1 அன்றுதான் வந்தது.

பொம்மை, பால்புட்டி

பொம்மைகளுக்கான பாதுகாப்புத் தர விதிகள் 2009-இல் வந்தன. குழந்தை வாயில் வைக்கும்போது வண்ணப்பூச்சிலிருந்து கசியக்கூடிய ஈயம், காட்மியம், பாதரசம், குரோமியம் உள்ளிட்ட எட்டுத் தனிமங்களுக்கு இவை சார்ந்த தரநிலையில் வரம்பு உண்டு. கசியும் ஈயம் கிலோவுக்கு 90 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பிஸ்பினால்-ஏ கலந்த பாலிகார்பனேட் பால்புட்டிகள் 2012 மார்ச் 1 முதல் தடை செய்யப்பட்டுள்ளன.

இணையத்தில் விற்கவே கூடாதவை

சில பொருள்களுக்கு இணைய வழியே மூடப்பட்டுள்ளது. வேப் திரவம் உள்ளிட்ட புகைப்பொருள்களின் இணைய விற்பனை, 2024 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்த புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் தடை செய்யப்பட்டது. 2023 ஏப்ரலில் திரவ நிகோட்டின் நஞ்சுச் சட்டப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டிருந்தது. இடைப்பட்ட ஒன்றரை ஆண்டு அதற்குப் போதிய கட்டுப்பாடில்லாத காலமாக விமர்சிக்கப்பட்டது. பட்டாசும் மத்தாப்பும் 1957-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்துக்கு உட்பட்டவை.

செமினியும் கிள்ளான் பள்ளத்தாக்கும்

சிலாங்கூரின் உலு லங்காட் மாவட்டத்தில் உள்ள செமினி, தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிய ஊர்களுள் ஒன்று. இங்கே வீட்டிலிருந்தபடி விற்பவருக்கு உதவும் நிறுவனங்கள் எல்லாம் கிள்ளான் பள்ளத்தாக்குக்குள்ளேயே இருக்கின்றன. தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனமும் இரசாயனத் துறையும் பெட்டாலிங் ஜெயாவில், பொம்மைகளைச் சோதிக்கும் சிரிம் ஷா ஆலாமில், அமைச்சுகள் புத்ராஜெயாவில். இறக்குமதிச் சரக்கு கிள்ளான் துறைமுகம் வழியே வருகிறது.

விற்காமல் தேங்கிய இரசாயனச் சரக்கைக் கால்வாயில் கொட்டினால் என்ன ஆகும் என்பதற்கும் இவ்வூரில் நினைவு உண்டு. 2016-இல் ஆற்றுநீரில் எழுந்த நாற்றத்தால் செமினி ஆற்று நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் பலமுறை மூடப்பட்டு, வீடுகளுக்கு நீர் தடைப்பட்டது. அது தொழிற்பேட்டைக் கழிவின் விளைவு. ஆனாலும் வீட்டுக் கால்வாய் சேருமிடமும் அதே ஆறுதான்.

பிற நாடுகள்

ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுப் பொருள் பாதுகாப்பு விதி 2024 டிசம்பர் 13 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி, ஒன்றியத்துக்குள் ஒரு பொறுப்பாளர் இல்லாமல் வெளிநாட்டுப் பொருளை அங்கு விற்க முடியாது. அமெரிக்கப் பயனீட்டாளர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2024 ஜூலையில், தன் கிடங்கு வழியே பிறர் விற்கும் பொருள்களுக்கு அமேசான் நிறுவனமும் விநியோகிப்பாளரே என்று முடிவு செய்தது. ‘நாங்கள் இடம் மட்டுமே தருகிறோம்’ என்ற விற்பனைத் தளங்களின் வாதம் இவ்விரண்டு முடிவுகளாலும் வலுவிழந்திருக்கிறது.

குறைகளும் தீர்வுகளும்

மலேசியாவில் பணியிட இரசாயனங்களின் வகைப்பாடு, லேபிள் குறித்து 2013-ஆம் ஆண்டின் விரிவான விதிகள் உண்டு. அவை தொழிற்சாலைக்கு வழங்கப்படும் இரசாயனங்களுக்கானவை. வீட்டுக்கு வாங்கும் தரைத் துப்புரவுத் திரவத்துக்கு அல்ல. வெளிநாட்டிலிருந்து நேரடியாக அஞ்சலில் அனுப்புபவரை உள்நாட்டுச் சட்டம் எட்டுவதும் கடினம்.

பாதிக்கப்பட்டவர் அமைச்சின் புகார்த் தளத்தில் முறையிடலாம். 50,000 ரிங்கிட் வரையிலான இழப்பீட்டைப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் கோரலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட். 1969-இல் தோன்றிய பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் பெட்டாலிங் ஜெயாவில் இயங்கும் ஃபோம்கா கூட்டமைப்பும் புகார்களுக்கு வழிகாட்டுகின்றன.

அறிவிப்பு எண் என்பது அரசு சோதித்து அளித்த நற்சான்று அன்று. பொருள் விதிக்கு உட்பட்டது என்று நிறுவனம் கொடுத்த உறுதிமொழிக்கு இட்ட எண் அது. பொருள் சந்தைக்கு வந்த பிறகே மாதிரி எடுத்துச் சோதிக்கிறார்கள். வேறொரு பொருளின் எண்ணைத் திரையில் ஒட்டிவைப்பதும் எளிது. அதனால் எண் இருக்கிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது. அந்த எண்ணை ஒழுங்குமுறை நிறுவனத்தின் தேடுதளத்தில் இட்டு, அங்கு வரும் பொருளின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் கையில் உள்ள பொதியோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும்.